தான்சானியா முந்திரி வாங்கப் போகிறவருக்கு: மழை, மனிதர், மூட்டை

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்க முந்திரி வாங்குவது புதிய தொழில் அல்ல. 1989இல் நைஜீரியாவிலிருந்து முந்திரி ஏற்றுமதி செய்து தொடங்கிய ஓலம் நிறுவனம் பிறகு தன் தலைமையகத்தையே இங்கே மாற்றிக்கொண்டது. அவ்வளவு பெரிய கை இல்லாதவர்களுக்கானது இந்தக் குறிப்பு. செசில் ஸ்திரீட்டில் இரண்டு மேசை, பண்ருட்டியிலோ தூத்துக்குடியிலோ கொல்லத்திலோ முந்திரி உடைக்கும் ஆலை நடத்தும் ஒரு தெரிந்தவர், அவருக்கு வேண்டிய நாலைந்து கொள்கலன் கச்சா முந்திரி, அதாவது ஓடு நீக்காத கொட்டை, என்ற அளவில் வியாபாரம் செய்பவர் பலர். அவர்களில் முதன்முறையாகத் தான்சானியா பக்கம் திரும்புகிறவர் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதே இங்கே பேச்சு.

அந்த வரிசையில் விலை கடைசி. மழை முதல். அந்த நாட்டில் மக்கள் எங்கே வாழ்கிறார்கள், எந்தச் சாலை எப்போது திறந்திருக்கும், மூட்டைக்குள் இருக்கும் கொட்டை எவ்வளவு காய்ந்திருக்கும் என எல்லாவற்றையும் மழைதான் முடிவுசெய்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் டன்னுக்கு 50 டாலர் மலிவு என்று டிசம்பர் சரக்கை வாங்கியவர்கள், அந்த 50 டாலரை மட்டுமல்ல, அதற்கு மேலும் ஆலை வாசலில் இழந்திருக்கிறார்கள்.

நாட்டைப் படிக்கும் விதம்

தான்சானியாவின் பரப்பு சுமார் 9,45,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல ஏறக்குறைய 1,280 மடங்கு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 61.7 மில்லியன் பேர். வரைபடத்தை விரித்து ஊர்களைப் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் ஓரங்களில் குவியும்: கிழக்கே கடற்கரை, வடக்கே கிளிமஞ்சாரோ அடிவாரம், வடமேற்கே விக்டோரியா ஏரிக்கரை, தென்மேற்கே எம்பேயா மேட்டுநிலம். நடுவே பெரும் வெளி. காரணம் எளிது. ஓரங்களில் மழை உண்டு, நடுவில் குறைவு. தலைநகர் டோடோமா அந்த வறண்ட நடுப்பகுதியில்தான் இருக்கிறது. தலைநகரை அங்கே மாற்றுவதென்று 1973இல் முடிவானது. ஆனாலும் வணிகம் இன்றுவரை தாருஸ்ஸலாமில்தான். முந்திரி வாங்குபவருக்கு டோடோமாவில் வேலை அநேகமாக வராது.

மழை இரண்டு வகை. வடக்கிலும் வடகடற்கரையிலும் ஆண்டுக்கு இரண்டு பருவம்: மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழைக்கு மசிகா என்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சிறுமழைக்கு வூலி என்றும் பெயர். தெற்கிலும் மேற்கிலும் நடுப்பகுதியிலும் ஒரே நீண்ட பருவம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை. சூரியனோடு நகரும் மழைப்பட்டை வடக்கை ஏறும்போதும் இறங்கும்போதும் கடக்கிறது. தெற்கில் ஒருமுறை வந்து தங்கிவிடுகிறது. தாருஸ்ஸலாமில் இருக்கும் தரகர் "இங்கே மழை விட்டுவிட்டது" என்று சொன்னால், 560 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ம்த்வாராவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மழையை மதிக்காமல் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மண்ணிலேயே ஒரு பாடம் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் சமையல் எண்ணெய்த் தட்டுப்பாடு. 1947இல் அன்றைய டாங்கனிக்காவில் மில்லியன் கணக்கான ஏக்கரில் நிலக்கடலை பயிரிடக் கிளம்பினார்கள். புதர்க்காட்டை அழிக்கப் போர்டாங்கிகளையே டிராக்டர்களாக மாற்றினார்கள். முதலில் தேர்ந்தெடுத்த கொங்வா, டோடோமாவுக்குப் பக்கத்து ஊர். அங்கே மழை எந்த ஆண்டிலும் நம்பகமில்லை. காய்ந்தால் களிமண் கல்லாக இறுகி, உள்ளே விளைந்த கடலையை வெளியே எடுக்க முடியவில்லை. 1951இல் கைவிட்டபோது சுமார் 36 மில்லியன் பவுண்டு போயிருந்தது. அந்தத் திட்டம் விட்டுச்சென்ற உருப்படியான சொத்து, அதே திட்டத்தில் தெற்கே நச்சிங்வேயாவில் பயிரிட்ட கடலையை ஏற்றுவதற்கென்று கட்டிய ம்த்வாரா ஆழ்கடல் துறைமுகம். இன்று உங்கள் முந்திரி அந்த வழியாகத்தான் பெரும்பாலும் வெளியே வரும்.

முந்திரியின் ஆண்டு

சுவாஹிலியில் முந்திரிக்கு கொரோஷோ என்று பெயர். விளைச்சலில் பெரும்பங்கு தென்கிழக்கு மூலையில்: ம்த்வாரா, லிண்டி, ருவுமா மாநிலங்கள், வடக்கே கொஞ்சம் ப்வானி. மக்கோண்டே மேட்டுநிலத்தில் நெவாலாவும் தண்டஹிம்பாவும், அதை ஒட்டி மசாசியும் முந்திரி ஊர்கள். தெற்கே ருவுமா ஆறு. அதைத் தாண்டினால் மொசாம்பிக்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்ந்த, வறண்ட மாதங்கள். மரம் பூக்கும் காலம் அது. அதே காலத்தில் சாம்பல்நோய் பூங்கொத்துகளைத் தாக்கும். உழவர்கள் கந்தகத்தூள் தூவித் தடுக்கிறார்கள். தூள் நேரத்துக்கு வந்து சேராத ஆண்டில் மகசூல் விழும். ஆகவே விளைச்சலை மதிப்பிட அக்டோபர் வரை காத்திருக்காதீர்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: கந்தகம் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்ததா? பூக்கும் வாரங்களில் பருவம் தவறி மழை பெய்ததா? இந்த இரண்டுக்கும் நேர்மையான பதில் கிடைத்தால், ஏல விலை எந்தப் பக்கம் சாயும் என்று பாதி தெரிந்துவிடும்.

அக்டோபரில் கொட்டை விழத் தொடங்கும். மரத்திலிருந்து பறிப்பதில்லை, பழம் பழுத்துத் தானாக விழுந்த பிறகு பொறுக்கி, கொட்டையைத் திருகிப் பிரித்து வெயிலில் காயவைப்பார்கள். அக்டோபரிலும் நவம்பர் முற்பாதியிலும் விழுவது காய்ந்த மண்ணில் விழுகிறது. டிசம்பரில் விழுவது ஈர மண்ணில். ஒரே மரம், ஒரே உழவர், ஆனால் சரக்கு வேறு. தொடக்க ஏலங்களில் விலை உயர்ந்திருப்பதும் கடைசி ஏலங்களில் இறங்குவதும் இதனால்தான். மலிவு என்று தோன்றுவது பெரும்பாலும் ஈரத்துக்கான கழிவு மட்டுமே.

இந்தப் பருவத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. ஐவரி கோஸ்ட், கானா, நைஜீரியா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அறுவடை பிப்ரவரி முதல் மே, ஜூன் வரை. வியட்நாம், இந்திய ஆலைகளின் கிடங்கு காலியாகும் நேரத்தில் தான்சானியா சரக்கு வருகிறது. போட்டி கடுமையாக இருக்கும். தயங்குகிறவருக்கு நல்ல சரக்கு மிஞ்சாது.

வாங்கும் முறை

நேரே கிராமத்துக்குப் போய் உழவரிடம் வாங்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். சட்டம் அனுமதிக்காது. 2025 ஜூலையில் வந்த ஆணை, வெளிநாட்டவர் செய்யக்கூடாத தொழில்களில் விளைநிலத்திலேயே பயிர் வாங்குவதையும் சரக்கு விடுவிப்பு முகவர் வேலையையும் சேர்த்துவிட்டது. அதற்கு முன்பே, 2007 முதல், முந்திரிக்குக் கிடங்குச் சீட்டு முறை நடப்பில் இருக்கிறது. உழவர் தம் கொட்டையை ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுக்கிறார். தரம் பார்த்து எடைபோட்டுச் சீட்டுத் தருகிறார்கள். சரக்கு பெரிய கிடங்குக்குப் போகிறது. பகுதிக் கூட்டுறவு ஒன்றியம் அதை ஏலத்தில் வைக்கிறது. தண்டஹிம்பா, நெவாலா பகுதிக்கான ஒன்றியத்தின் பெயர் டானெக்கு (TANECU). மசாசி, ம்த்வாராவுக்கு மாம்கு (MAMCU). ருவாங்வா, நச்சிங்வேயா, லிவாலேக்கு ருனாலி (RUNALI). அண்மைப் பருவங்களில் ஏலம் தான்சானியா வணிகப் பரிமாற்றகத்தின் இணையத்தளம் வழியே நடக்கிறது. கேட்ட விலையை உழவர்கள் ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். உயர்ந்த விலை கேட்டுவிட்டதாலேயே சரக்கு உங்களுடையதாகிவிடாது.

ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது முந்திரி வாரியத்தில் பதிவுபெற்ற உள்ளூர் ஏற்றுமதியாளர். அவர் ஏலம் கேட்பார், ஷில்லிங்கில் பணம் கட்டுவார், உங்களுக்குக் கப்பலேற்றிய விலையில் டாலரில் விற்பார். அவரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று தாள்களைக் கேளுங்கள்: நடப்புப் பருவத்துக்கான உரிமம், சென்ற பருவத்தில் வாங்கிய ஏலத் தொகுதிகளின் விற்பனைச் சீட்டு, சென்ற ஆண்டு ஏற்றிய கப்பல் ரசீதின் நகல். மூன்றாவதைக் கொடுக்கத் தயங்குகிறவர் பெரும்பாலும் இடைத்தரகராகத்தான் இருப்பார்.

சந்தை விலைக்கு வெகு கீழே, ஏலம் இல்லாமல், "உடனே எடுத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அது கங்கோம்பா சரக்காக இருக்கக்கூடும். பணமுடையில் இருக்கும் உழவரிடம் கள்ளத்தனமாக அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்கு அங்கே வழங்கும் பெயர் அது. பிடிபட்டால் சரக்கு பறிமுதலாகும். உங்கள் முன்பணம் எங்கே என்று கேட்க ஆளிருக்காது.

அரசின் கையும் நீளும். 2018இல் வணிகர்கள் கேட்ட விலை குறைவு என்று உழவர்கள் விற்க மறுக்க, அன்றைய அதிபர் மகுஃபுலி கிலோவுக்கு 3,300 ஷில்லிங் விலை அறிவித்து, ராணுவ லாரிகளை அனுப்பி அரசே வாங்கும்படி செய்தார். அந்தப் பருவத்தில் முன்கூட்டி ஆலைகளுக்கு விற்றுவைத்திருந்த வணிகர்களின் கையில் சரக்கு இல்லை. அதனால் தான்சானியா சரக்கை நம்பி ஆலைக்கு எழுதும் ஒப்பந்தத்தில், அரசு ஆணையால் ஏற்றுமதி நின்றால் பொறுப்பு யாருடையது என்ற வரி இருந்தே ஆக வேண்டும். கச்சா முந்திரிக்கு ஏற்றுமதித் தீர்வையும் உண்டு. உள்நாட்டிலேயே உடைத்துப் பருப்பாக விற்க வேண்டும் என்பது அரசின் விருப்பம். ஏற்றுமதியாளர் சொல்லும் விலையில் தீர்வை அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மனிதர்கள், மணி, மரியாதை

நூற்றிருபதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் இருந்தும் நாடு முழுக்கப் பேசுவது சுவாஹிலி. நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியரேரே அதை நாட்டு மொழியாக்கியதில் கண்ட பலன் இது. தாருஸ்ஸலாம் அலுவலகங்களில் ஆங்கிலம் போதும். ம்த்வாரா கிடங்கில் போதாது. சுவாஹிலி தெரிந்த ஒருவர் உங்கள் பக்கம் நிற்க வேண்டும், விற்பவர் பக்கம் அல்ல.

நேரக்கணக்கில் ஏமாறாதீர்கள். சுவாஹிலியில் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒன்று, ஒன்பது என்பது மூன்று. நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். "சா தாத்து", அதாவது மூன்று மணி, என்று குறுஞ்செய்தி வந்தால் காலை ஒன்பதுக்குப் போக வேண்டும். மதியம் மூன்றுக்குப் போனால் கிடங்கு மேலாளர் கிளம்பியிருப்பார். சிங்கப்பூருக்கும் தான்சானியாவுக்கும் ஐந்து மணி வித்தியாசம். இங்கே மாலை நான்கு ஆகும்போது அங்கே முற்பகல் பதினொன்று. வங்கி வேலைகளுக்கு உங்கள் பிற்பகலை ஒதுக்கி வையுங்கள்.

வணக்கம் சொல்லாமல் விலை பேசுவது அங்கே முரட்டுத்தனம். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகாமூ" என்பது முறை. அவர் "மரஹபா" என்பார். வீடு, உடல்நலம், பயணம் எல்லாம் விசாரித்த பிறகே சரக்குப் பேச்சு. சிங்கப்பூர் அவசரத்தோடு போகிறவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் வீணாகத் தோன்றும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எந்தக் கிடங்கில் கூரை ஒழுகுகிறது என்ற தகவல் வரும்.

பயணத்துக்கு இரண்டே குறிப்பு. எந்தக் கடப்பிதழாக இருந்தாலும் சுற்றுலா அனுமதியில் போய் வணிக வேலை செய்யாதீர்கள். அதற்குத் தனி விசா உண்டு. மலேரியா மாத்திரையை இங்கேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடு வழியாகப் போவதாக இருந்தால், தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே செல்லும்.

வெட்டிப் பார்ப்பது

முந்திரி வியாபாரத்தின் உயிர் இதில் இருக்கிறது. தரத்தைக் குறிக்கும் எண் ஒன்றுதான்: 80 கிலோ மூட்டையிலிருந்து எத்தனை பவுண்டு பயன்படும் பருப்பு கிடைக்கும் என்பது. தொழிலில் இதை அவுட்டர்ன் என்பார்கள். தான்சானியாவின் நல்ல சரக்கு 50ஐ ஒட்டி நிற்கும். பருவத் தொடக்கத்தில் அதைத் தாண்டவும் செய்யும்.

கிடங்கில் அடுக்கின் முகப்பில் இருக்கும் மூட்டைகளில் மட்டும் மாதிரி எடுக்க விடாதீர்கள். மேலே, நடுவே, அடியே, சுவரை ஒட்டி என எல்லா இடத்திலிருந்தும் எடுத்து, சுத்தமான தார்ப்பாயில் கொட்டிக் கலக்குங்கள். குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலந்து பிரியுங்கள். ஒரு கிலோ மிஞ்சும்வரை இதைச் செய்யுங்கள். அந்த ஒரு கிலோவில் எத்தனை கொட்டை என்று எண்ணுங்கள். எண்ணிக்கை கூடக் கூடக் கொட்டை சிறிது, பருப்பும் சிறிது. கிலோவுக்கு 200க்கு அருகில் இருந்தால் மகிழ்ச்சி.

அடுத்து ஈரம். மீட்டரில் 10 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அந்தத் தொகுதியை விட்டுவிடலாம் அல்லது காயவைத்துத் தரச் சொல்லலாம். 8 அளவில் இருப்பதே கப்பலுக்குப் பாதுகாப்பு. கணக்கும் பாருங்கள்: 10 விழுக்காடு ஈரத்தில் வாங்கிய 16,000 கிலோ வழியில் 8க்குக் காய்ந்தால் 15,652 கிலோவாகும். 348 கிலோ தண்ணீருக்கு முந்திரி விலை கொடுத்திருப்பீர்கள்.

பிறகு ஒவ்வொரு கொட்டையையும் வெட்டுகருவியில் இரண்டாகப் பிளந்து, பருப்பை ஊசியால் வெளியே எடுங்கள். கையுறை கட்டாயம், ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். பருப்பை மேல்தோலோடு மூன்று குவியலாக்குங்கள். முழுதும் நல்லது ஒன்று. புள்ளி விழுந்தது, முதிராமல் சுருங்கியது இரண்டாவது. பூசணம் பிடித்தது, எண்ணெய் ஊறிக் கறுத்தது, பூச்சி தின்றது மூன்றாவது. ஓட்டுக்குள் ஒன்றுமே இல்லாததும் இந்தக் கணக்கில்தான். முதல் குவியலின் எடை முழுதும், இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் சுழி. இப்படிக் கூட்டி வந்த கிராமை 0.1764ஆல் பெருக்கினால் அவுட்டர்ன். நல்லது 270 கிராம், இரண்டாவது 30 கிராம் என்றால் 270 + 15 = 285; 285 × 0.1764 = 50.3 பவுண்டு.

இந்த எண்ணிலிருந்து பணம் எப்படி மாறும் என்று ஒரு மாதிரிக் கணக்கு. 48 பவுண்டுக்கு டன் 1,200 டாலர் என்று ஒப்பந்தம். வந்தது 46 என்றால், விகிதப்படி 1,150. பதினாறு டன் கொள்கலனில் 800 டாலர் குறைவு. ஒப்பந்தத்தில் இந்த விகிதக் கழிவையும், எந்த எண்ணுக்குக் கீழே சரக்கையே மறுக்கலாம் என்பதையும் எழுதியே ஆக வேண்டும். மாதிரியை மூன்று பையாகப் பிரித்து அரக்கு முத்திரையிட்டு, ஒன்று விற்பவரிடம், ஒன்று உங்களிடம், ஒன்று சுயேச்சையான ஆய்வு நிறுவனத்திடம் இருக்கட்டும். வழக்கு வந்தால் பேசப்போவது மூன்றாவது பை மட்டுமே.

கொள்கலனும் தாளும்

இருபதடிக் கொள்கலனில் 80 கிலோ மூட்டை சுமார் 200 போகும். ஏற்றும் முன் கொள்கலனுக்குள் ஓர் ஆள் நுழைந்து கதவை மூடச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே தண்ணீரும் வரும். சுவரிலும் கூரையிலும் தடித்த காகிதம் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட வேண்டும். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது மூட்டையிலிருந்து எழுந்த ஆவி கூரையில் படிந்து சொட்டும். மேலடுக்கு மூட்டைகள் பூசணம் பிடிப்பது இதனால்தான், கடல்நீரால் அல்ல. ஏற்றுவதற்குச் சணல் சாக்கு கேளுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் கொட்டை மூச்சுவிடாது.

தண்டஹிம்பா, நெவாலா சரக்கு ம்த்வாராவிலேயே கப்பலேறினால் நல்லது. தாருஸ்ஸலாம் வரை சாலையில் இழுப்பது மழைக்காலத்தில் சூதாட்டம். 2024 மே மாதம் ஹிதாயா புயலோடு வந்த வெள்ளத்தில் லிண்டி பக்கம் சோமங்கா பகுதியில் சாலை அறுந்து தென்பகுதியே துண்டிக்கப்பட்டது.

தாள்களில் கப்பல் ரசீது, பயிர்நலச் சான்று, புகையூட்டல் சான்று, எடை, தரச் சான்றுகள் வழக்கமானவை. இந்திய ஆலைக்குப் போகும் சரக்கென்றால் பிறப்பிடச் சான்றிதழைத் தனியாகக் கவனியுங்கள். வளர்ச்சி குறைந்த நாடுகளுக்கு இந்தியா தரும் வரிச்சலுகை தான்சானியாவுக்கு உண்டு. சான்றிதழில் ஒரு எழுத்து பிசகினாலும் தூத்துக்குடியில் சுங்க அதிகாரி சலுகை தர மாட்டார். விலைச்சீட்டு சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் கேள்வி வரும் என்பதையும் ஆலைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இங்கேயே பருப்பாக இறக்கி விற்க நினைப்பவருக்கு வேலை வேறு. சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் பதிவும், சிங்கப்பூர்ச் சுங்கத்துறை அனுமதியும் வேண்டும். இறக்குமதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. பருப்பு 25 பவுண்டுத் தகரமிரண்டு கொண்ட 22.68 கிலோ அட்டைப்பெட்டியாகவோ, வெற்றிடப் பையாகவோ வரும். முழுப்பருப்புக்கு W240, W320 என்று போடும் எண், பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்ற கணக்கு. தேக்கா இனிப்புக் கடைகள் முழுப்பருப்பைக் கேட்கும். கேசரிக்கும் பாயசத்துக்கும் உடைந்த பருப்பே போதும், விலையும் கணிசமாகக் குறைவு. எது வந்தாலும் குளிரூட்டிய கிடங்கில் வையுங்கள். நம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் திறந்த தகரம் சில வாரங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். வாங்கியவர் அதைத் தான்சானியாவின் குறையென்றே சொல்வார்.